ஏலக்காய் ஸ்டோர் பெட்டிக்கு எந்த போர்டு? ராம் (RAM) கணக்கைப் போட்டுப் பார்த்து ஒரு முடிவு

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேடு, புற்றடி, நெடுங்கண்டம் என்று போனால் வழி நெடுக ஏலத்தோட்டம்தான். பறித்த பச்சைக் காயை உலர்த்தி எடுக்க அங்கங்கே ஒரு ஸ்டோர் நிற்கும். பச்சைக் காயில் 80 சதவீதம் வரை ஈரம் இருக்கும். அதை 10 சதவீதம் அளவுக்கு இறக்க ஒரு நாள் பிடிக்கும், மழை நாளில் இன்னும் கொஞ்சம் கூடும். சூடு 45 முதல் 50 டிகிரிக்குள் நிற்க வேண்டும். ஏறினால் பச்சை நிறம் போய்விடும். புற்றடியிலும் போடியிலும் நடக்கிற மின் ஏலத்தில் நிறம் போன காய்க்கு என்ன விலை வரும் என்று தோட்டக்காரரைக் கேட்டால் தெரியும்.

முன்பெல்லாம் ஸ்டோர் பார்க்கிறவர் ராத்திரி முழுக்க விழித்திருந்து தெர்மாமீட்டரைப் பார்ப்பார். இப்போது பல இடங்களில் அந்த வேலையை ஒரு சின்னப் பெட்டி செய்கிறது. கம்பம், தேனி, குமுளி பக்கம் டிப்ளமோ முடித்த பையன்களே இதைச் செய்து கொடுக்கிறார்கள். அவர்கள் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணே, நானோ போதுமா, இல்ல இஎஸ்பி32 போட்டுடலாமா?" இரண்டும் நிரல் எழுதி ஏற்றி ஓட்டுகிற சின்னக் கம்ப்யூட்டர் போர்டுகள்.

இந்தக் கேள்வி வந்ததும் பேச்சு விலைக்குப் போகும், வைஃபைக்குப் போகும், வேகத்துக்குப் போகும். ஸ்டோர் அறையின் சூடு நிமிடக் கணக்கில் மாறுகிற சமாசாரம். அதற்கு நானோவின் 16 மெகாஹெர்ட்ஸே அதிகம். நிரல் உட்காருகிற ஃபிளாஷும் 32 கேபி இருந்தால் இந்த வேலைக்குப் பெரும்பாலும் போதும். முதலில் தீர்ந்துபோவது ராம், நிரல் ஓடும்போது எழுதி அழிக்கிற நினைவகம். அதிலும் கம்பைலர் (எழுதிய நிரலைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றுவது) கணக்கில் காட்டாத ஒரு பகுதி, ஸ்டாக்: நிரலின் துண்டுகளான ஃபங்ஷன்கள் ஓடும்போது தற்காலிகமாக எடுத்துக்கொள்கிற இடம். ஆகவே நான் போர்டுகளை ஒப்பிடும்போது இந்த ஒரு அளவுகோலைத்தான் முதலில் வைக்கிறேன். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

நானோவின் 2048 பைட்

நானோ, ஊனோ இரண்டும் ஆர்டுயினோ வகை போர்டுகள், இரண்டிலும் இருப்பது ஏடிமெகா328பி சிப். நிரலுக்கு 32 கேபி ஃபிளாஷ், கரண்ட் போனாலும் நிற்க 1 கேபி ஈஈபிராம், ஓடும்போது எழுதி அழிக்க 2 கேபி ராம். இந்த ராம் எஸ்ராம் வகை: ஒவ்வொரு பிட்டுக்கும் பொதுவாக ஆறு டிரான்சிஸ்டர். கம்ப்யூட்டரில் இருக்கிற டிராம் போல நொடிக்குப் பல தடவை புதுப்பிக்க வேண்டியதில்லை. கரண்ட் இருக்கும்வரை எழுதியது அப்படியே நிற்கும், போனால் எல்லாம் போகும். ஒரு பிட்டுக்கு இத்தனை டிரான்சிஸ்டர் என்றால் இடம் பிடிக்கும், விலையும் ஏறும். சின்னச் சிப்களில் ராம் இவ்வளவு கஞ்சத்தனமாக இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

முகவரி 0 முதல் 255 வரை ரெஜிஸ்டர்களுக்கு, அதாவது சிப்பின் உள் வேலைக்கான இடங்களுக்கு, போய்விடும். நம் ராம் 256-ல் தொடங்கி 2303-ல் முடிகிறது. கீழ்ப் பக்கத்தில் குளோபல் வேரியபிள்கள், அதாவது நிரல் ஓடும்வரை இடத்தை விடாத மதிப்புகள், உட்காரும். முதலில் மதிப்புக் கொடுத்தவை. அவற்றை ரீசெட் ஆனதும் ஃபிளாஷிலிருந்து ராமுக்குப் பிரதி எடுத்து வைக்கிறது தொடக்க நிரல். அடுத்து மதிப்புக் கொடுக்காதவை, அவை பூஜ்ஜியமாக்கப்படும். அதற்கு மேலே ஹீப், ஓடும்போது மாலாக் என்ற கட்டளையால் கேட்கிறவர்களுக்கு இடம் கொடுத்துக்கொண்டே மேல்நோக்கி வளரும். ஸ்டாக் நேர் எதிர்: 2303-ல் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கும்.

ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும்போது, முடிந்ததும் எங்கே திரும்பி வர வேண்டும் என்ற முகவரி ஸ்டாக்கில் ஏறும். இந்தச் சிப்பில் அது 2 பைட். அந்த ஃபங்ஷன் கலைக்கக் கூடாத ரெஜிஸ்டர்கள் ஏறும், அதன் உள்ளூர் வேரியபிள்களும் ஏறும். ஃபங்ஷன் முடிந்தால் அத்தனையும் இறங்கிவிடும். நடுவில் இன்டரப்ட் (ஓடுகிற வேலையை நிறுத்தி உடனே கவனிக்கச் சொல்லும் அழைப்பு) வந்தால் அதன் சுமையும் அந்த நேரத்தில் இருக்கிற உச்சத்துக்கு மேலேயே ஏறும். ஸ்டோர் கொட்டகையில் ஒரு சுவரிலிருந்து பழைய மூட்டையும் எதிர்ச் சுவரிலிருந்து புது மூட்டையும் அடுக்கிக்கொண்டே வருகிறார்கள் என்று வையுங்கள். நடுவில் கோடு கிடையாது, நில் என்று சொல்ல ஆளும் கிடையாது. இடம் முடிந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அவ்வளவுதான். இந்தச் சிப்பில் ஸ்டாக் இறங்கி வந்து ஹீப்பையோ குளோபலையோ மிதித்தால் எந்த எச்சரிக்கையும் வராது. வேறு ஏதோ ஒரு எண் மாறிப்போகும். திரும்பி வர வேண்டிய முகவரியே கெட்டுப்போனால் நிரல் எங்கேயோ குதிக்கும்.

இப்போது ஒரு வழக்கமான ஸ்டோர் பெட்டியைக் கணக்கெடுப்போம். 128க்கு 64 புள்ளி உள்ள சின்ன ஓஎல்ஈடி திரை. 8192 புள்ளி, புள்ளிக்கு ஒரு பிட், ஆக 1024 பைட். எஸ்டி கார்டில் பதிவு செய்ய 512 பைட் பஃபர், அதாவது தற்காலிகத் தேக்க இடம். சீரியலுக்கு (கம்பி வழியாக எழுத்தெழுத்தாகப் பேசும் இணைப்பு) வாங்கவும் அனுப்பவும் 64 வீதம் 128. திரையோடு பேசுகிற ஒயர் (Wire) என்ற லைப்ரரிக்குள், அதாவது தயார் நிரல் தொகுப்புக்குள், 32 பைட் பஃபர்கள் ஐந்து, 160. கூட்டினால் 1824. மிச்சம் 224 பைட். சென்சார் மதிப்புகள், நேரம், மெனு, திரையில் காட்டும் சொற்கள், ஸ்டாக் எல்லாம் இந்த 224-க்குள்.

இதில் ஒரு கண்கட்டு வித்தையும் இருக்கிறது. பலரும் எடுக்கிற ஓஎல்ஈடி லைப்ரரி அந்த 1024 பைட்டைக் கம்பைல் நேரத்தில் எடுப்பதில்லை. ஓட ஆரம்பித்தபின் மாலாக் மூலம் ஹீப்பில் வாங்குகிறது. அதனால் கம்பைல் முடிந்ததும் வருகிற செய்தி, குளோபல் வேரியபிள்கள் இத்தனை சதவீதம்தான் என்று சாந்தமாகச் சொல்லும். 75 சதவீதம் தாண்டினால்தான் ஆர்டுயினோ மென்பொருள் எச்சரிக்கும். அந்தச் சதவீதத்தில் ஹீப்பும் சேராது, ஸ்டாக்கும் சேராது.

இப்படி ஒரு பெட்டி என்னிடம் வந்தது. திரையின் வலது கீழ் மூலையில் மட்டும் புள்ளி புள்ளியாக மினுமினுக்கும். திரை போய்விட்டது என்று மாற்றியிருக்கிறார்கள். புதுத் திரையிலும் அதே மூலையில் அதே மினுமினுப்பு. யோசித்தால் காரணம் அந்த இடமேதான். திரையின் 1024 பைட்டில் கடைசி பைட்டுகள் காட்டுவது கீழ்ப் பட்டையின் வலது ஓரத்தை. ஹீப்பின் உச்சியில் இருப்பதும் அந்தக் கடைசி பைட்டுகள்தான். மேலிருந்து இறங்கி வருகிற ஸ்டாக் முதலில் மிதிப்பது அவற்றை. ஸ்டாக் வழிவதைக் கண்ணாலேயே பார்க்கக் கிடைக்கிற இடம் அபூர்வம், இது அப்படி ஒன்று. ஓஎல்ஈடி போட்ட பெட்டியில் அந்த மூலை மட்டும் அழுக்கானால் ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள், ஸ்டாக்கைப் பாருங்கள்.

போர்டை மாற்றாமலே

மேலே சொன்ன நிலையில் பெரும்பாலானோர் நேராகப் பெரிய போர்டுக்குத் தாவுகிறார்கள். அதற்கு முன் திரையை மாற்றிப் பார்க்கலாம். பழைய 16க்கு 2 எல்சிடியில் உள்ளே ஓடும் எச்டி44780 வகைச் சிப்புக்குச் சொந்தமாக 80 பைட் திரை நினைவகம் இருக்கிறது. நாம் எழுத்தை அனுப்பினால் போதும், அதுவே வைத்துக்கொள்ளும். நானோவின் ராமில் 1024 பைட் ஒரே அடியாக மிச்சம். ஸ்டோரில் புகையும் ஆவியும் சூழ்ந்த நேரத்தில் எட்ட நின்று படிக்கவும் அந்தப் பெரிய எழுத்துதான் வசதி. தமிழ் காட்ட முடியாது என்பது குறை. சொந்தமாக வரைந்துகொள்ள எட்டு உருவத்துக்கு மட்டும் இடம் உண்டு.

ஓஎல்ஈடிதான் வேண்டும் என்றால் திரையை எட்டுப் பட்டையாகப் பிரித்து ஒவ்வொன்றாக வரைகிற லைப்ரரிகள் இருக்கின்றன. பஃபர் 128 பைட்டில் முடியும். அதே படத்தை எட்டுத் தடவை வரைய வேண்டும், கொஞ்சம் மெதுவாகும். காய் உலர்த்துகிற பெட்டியில் அந்தத் தாமதத்தை யாரும் கவனிக்கப்போவதில்லை.

அடுத்து, சொற்கள். நானோவில் இருக்கிற ஏவிஆர் வகைச் சிப்பில் நிரலுக்கும் தரவுக்கும் தனித்தனி முகவரி வெளி. அதனால் மேற்கோளுக்குள் எழுதுகிற ஒவ்வொரு செய்தியும் ஃபிளாஷிலும் இருக்கும், தொடக்கத்தில் ராமுக்கும் வந்து உட்காரும். தமிழில் எழுதினால் இது இன்னும் கனக்கும். 'ஸ்டோரில் சூடு 52' என்பது கண்ணுக்கு ஆறு எழுத்தும் ஒரு எண்ணும். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக மூன்று பைட் பிடிக்க, முடிவுக் குறியோடு சேர்த்து 41 பைட். பத்துச் செய்தி இருந்தால் ராமில் ஐந்தில் ஒரு பங்கு காலி. F() என்று எழுதுகிற எஃப் மேக்ரோவுக்குள் போட்டு ஃபிளாஷிலேயே நிறுத்தினால் இந்தச் செலவு இல்லை. பின்னால் வரும் ப்ளூ பில், பிக்கோ போன்றவற்றின் ஆர்ம் வகைச் சிப்களிலும் இஎஸ்பி32-லும் மாறாத சொற்கள் ஃபிளாஷிலிருந்தபடியே படிக்கப்படும். அதனால் அங்கே இந்த வித்தை தேவையே இல்லை. அதே நிரல் அங்கே குறைந்த ராமில் ஓடுவதையும் பார்க்கலாம்.

குளோபலா, உள்ளூரா, ஹீப்பா

போர்டு தேர்வைவிட இந்தத் தேர்வு முக்கியம் என்பது என் கட்சி. தரவை எங்கே வைப்பது என்பதில் மூன்று வழி இருக்கிறது.

24 மணி நேர வரைபடத்துக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு அளவு எடுத்தால் 144. மூன்று சென்சார், அளவுக்கு ஒரு பைட், ஆக 432 பைட். இதைக் குளோபலாக வைத்தால் எப்போதும் அந்த இடம் போகும், ஆனால் கம்பைல் முடிந்ததுமே எண் தெரிந்துவிடும். இடம் பற்றாவிட்டால் அது மேஜைமேலேயே தெரியும், நள்ளிரவில் ஸ்டோரில் தெரியாது. உள்ளூர் வேரியபிளாக வைத்தால் ஃபங்ஷன் ஓடும்போது மட்டும்தான் இடம் போகும். இரண்டு ஃபங்ஷன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே இடத்தைப் பயன்படுத்தலாம், சிக்கனம். ஆனால் எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிடும்போது உச்சம் எவ்வளவு இறங்கும் என்பதை நாம்தான் கவனிக்க வேண்டும்.

ஹீப்பைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது, குறைந்தது 2 கேபி சிப்பில். குறிப்பாக ஸ்ட்ரிங் ஆப்ஜெக்ட், சொற்களை ஒட்டி நீட்டிக்கொண்டே போக உதவும் வசதி. எஸ்எம்எஸ்ஸுக்காக எண்ணையும் சொல்லையும் கூட்டல் குறி போட்டு ஒட்டிக்கொண்டே போனால் பழைய இடத்தை விட்டுப் பெரிய இடத்துக்கு அது நகர நேரும். விட்ட இடம் ஓட்டையாக நிற்கும். மொத்தக் காலி இடம் 200 பைட் இருந்தும் ஒரே துண்டாக 90 கிடைக்காத நிலை வரும். மேஜையில் பத்து நிமிடம் சோதித்தால் இது தெரியாது. ஆடியில் தொடங்கித் தை வரை ஓடுகிற பெட்டியில் தெரியும். நீளம் நிர்ணயித்த ஒரு எழுத்து வரிசையைக் குளோபலாக வைத்து, எஸ்என்பிரிண்ட்எஃப் (snprintf) கொண்டு அதற்குள் எழுதுவது எழுதக் கொஞ்சம் சலிப்பு, ஓட நிம்மதி. நீளத்தைக் கேட்கிற அந்த 'என்' இல்லாத பழைய ஸ்பிரிண்ட்எஃப்பைத் தொடாதீர்கள். அது பஃபரைத் தாண்டி எழுதினால் ஸ்டாக்கை யாரும் குறை சொல்ல முடியாது.

எஸ்எம்எஸ் பற்றி ஒரு வார்த்தை. நானோவில் எஸ்எம்எஸ் அனுப்பும் ஜிஎஸ்எம் மாட்யூலைச் சாஃப்ட்வேர் சீரியலில் (நிரலே நடத்துகிற சீரியலில்) கோத்தால் அதன் வாங்கும் பஃபர் 64 பைட்தான். உள்ளே வருகிற செய்தி 160 எழுத்து வரை வரலாம். நிரல் வேறு வேலையில் இருந்தால் மீதி எழுத்து காற்றில் போகும். தமிழில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 எழுத்துக்குறிதான், அதையும் மாட்யூலுக்கு எண் வடிவில் மாற்றிக் கொடுக்கும்போது குறிக்கு நான்கு பைட், 280 பைட் தேவை. நானோவில் திரையும் எஸ்டியும் இருக்கும்போது இதற்கு இடம் கிடையாது, பேசிப் பயனில்லை.

மற்ற போர்டுகள்

பழைய ஸ்டார்ட்டர் பெட்டிகளில் இன்னும் 8051 வகைச் சிப் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்டெல் 1980-ல் கொண்டுவந்தது. அடிப்படைச் சிப்பில் உள் ராம் 128 பைட். அதில் ஸ்டாக் மேல்நோக்கி வளரும். ரீசெட்டில் ஸ்டாக் பாயின்டர் 7-ல் நிற்பதால் முதல் பைட் 8-ல் விழும், அது இரண்டாவது ரெஜிஸ்டர் வரிசையின் இடம். பிஐசி16எஃப்877ஏ இன்னும் கறார்: திரும்பும் முகவரிக்கு எட்டே எட்டு அடுக்கு, அதுவும் ராமுக்கு வெளியே. ஒன்பதாவது கூப்பிட்டால் முதல் முகவரி அழிந்துவிடும். ஓடுகிற பெட்டியைக் கலைக்க வேண்டாம். புதிதாகச் செய்ய இரண்டையும் நான் எடுக்க மாட்டேன்.

மெகா போர்டில் இருப்பது ஏடிமெகா2560, ராம் 8 கேபி. ஃபிளாஷ் 256 கேபி என்பதால் திரும்பும் முகவரி 3 பைட் ஆகிறது, அது பெரிய விஷயமில்லை. நானோவில் எழுதிய நிரலை ஏறக்குறைய அப்படியே ஏற்றலாம். திரை, எஸ்டி, பஃபர் எல்லாம் போக 6 கேபி மிஞ்சும். அதைவிட முக்கியம், நான்கு நிஜ சீரியல் போர்ட் இருப்பதால் ஜிஎஸ்எம்முக்குச் சாஃப்ட்வேர் சீரியல் வேண்டாம். 5 வோல்ட் போர்டு, ரிலே போர்டோடு சண்டை இல்லை. ஒரே போர்டில் முடிக்க வேண்டும், எஸ்எம்எஸ் போதும், வைஃபை வேண்டாம் என்கிறவருக்கு நான் சொல்வது இதுதான். பழைய சரக்கு என்று பையன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ப்ளூ பில் எனப்படும் எஸ்டிஎம்32எஃப்103 போர்டில் 20 கேபி ராம். இன்டரப்ட் வந்ததும் எட்டு ரெஜிஸ்டரை, அதாவது 32 பைட்டை, வன்பொருளே ஸ்டாக்கில் ஏற்றிவிடும். நல்ல சிப். ஆனால் சந்தையில் வருகிற போர்டுகளில் மேலே எழுதியிருக்கிற சிப்தான் உள்ளே இருக்கிறது என்று நம்ப முடியவில்லை. தோட்டத்தில் போய் நிற்கிற பெட்டிக்கு அது வேண்டாத தலைவலி.

2021 ஜனவரியில் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோவில் 264 கேபி. எண்ணைப் பார்த்தால் ராஜபோகம். ஆனால் அதன் சொந்த எஸ்டிகேயில் (நிரல் எழுதும் கருவித்தொகுப்பு) ஒரு கோருக்கு, அதாவது சிப்பின் இரண்டு செயலிகளில் ஒன்றுக்கு, ஸ்டாக் என்று ஒதுக்குவது முன்னிருப்பாக 2 கேபி, அதாவது நானோவின் மொத்த ராம் அளவு. இரண்டு கோரின் ஸ்டாக்கும் அடுத்தடுத்த இரண்டு 4 கேபி வங்கிகளில் இருக்கின்றன. முதல் கோர் அளவுக்கு மீறி இறங்கினால் இரண்டாவது கோரின் ஸ்டாக்கில் போய் நிற்கும். பெரிய வரிசைகளைக் குளோபலாக வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை கிட்ட வராது.

பெரிய ராம், சின்ன ஸ்டாக்

இஎஸ்பி32-க்குத்தான் எல்லாரும் ஆசைப்படுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக. 520 கேபி எஸ்ராம். வைஃபையும் சிஸ்டமும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டபின் அத்தனையும் நம் கைக்கு வராது என்றாலும், நானோவோடு ஒப்பிட்டால் கடல். உள்ளே ஃப்ரீஆர்டிஓஎஸ் ஓடுகிறது, பல வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டுகிற சின்ன இயக்க மென்பொருள். அந்த வேலை ஒவ்வொன்றும் ஒரு டாஸ்க். இங்கே ஸ்டாக் ஒன்று அல்ல, டாஸ்க்குக்கு ஒன்று. ஒவ்வொரு டாஸ்க்கையும் உருவாக்கும்போதே அதன் ஸ்டாக் அளவு நிர்ணயமாகிவிடும், பக்கத்தில் எத்தனை கேபி காலியாக இருந்தாலும் அது வளராது. ஆர்டுயினோ முறையில் எழுதினால் திரும்பத் திரும்ப ஓடும் நம் லூப் ஃபங்ஷனின் டாஸ்க்குக்குக் கிடைப்பது 8192 பைட். லூப்புக்குள் 10 கேபி வரிசை ஒன்றை உள்ளூர் வேரியபிளாக எழுதிப் பயன்படுத்திப் பாருங்கள். 200 கேபி காலியாக இருக்கும்போதே போர்டு விழும். ராம் போதவில்லை என்று நினைத்து இஎஸ்பி32-க்கு வந்தவர் இங்கே குழம்பிப்போவார்.

இன்னொரு பொறி, அளவின் அலகு. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் பொதுவான வழக்கில் டாஸ்க்கின் ஸ்டாக் அளவைச் சொல் (word) கணக்கில் கொடுக்க வேண்டும். 32 பிட் சிப்பில் 512 என்றால் 2048 பைட். இஎஸ்பி32-ல் அதே இடத்தில் கொடுப்பது பைட் கணக்கு. எஸ்டிஎம்32 உதாரணத்தில் இருந்த 512-ஐ அப்படியே கொண்டுவந்தால் கிடைப்பது 512 பைட், ஒரு பிரிண்ட்எஃப்புக்கே தாங்காது.

ஹீப்பிலும் கவனம் வேண்டும். பாதுகாப்பான இணைய இணைப்பு என்றால் டிஎல்எஸ் என்ற மறையாக்க முறை. அதன் ஒரு ரெக்கார்ட் 16 கேபி வரை வரலாம் என்பதால் வாங்கும் பஃபருக்கே அந்த அளவு ஒரே துண்டாகக் கேட்கும். ஹீப் துண்டு துண்டாகிவிட்டால் மொத்தக் காலி இடம் போதுமானதாகத் தெரிந்தும் இணைப்பு விழும்.

ஆனால் ஒரு விஷயத்தில் இஎஸ்பி32 நானோவைவிட மேல். ஸ்டாக்கின் எல்லையில் காவல் வைத்திருக்கிறது. தாண்டினால் எந்த டாஸ்க் தாண்டியது என்று சீரியலில் சொல்லிவிட்டு ரீஸ்டார்ட் ஆகும். நானோ போல் அமைதியாக 48 டிகிரியை வேறு எண்ணாக்கிவிட்டு ஓடிக்கொண்டிருக்காது. சத்தம் போட்டு விழுகிற பெட்டியைச் சரி செய்யலாம், வாயைத் திறக்காமல் கெடுகிறதுதான் காயைக் கெடுக்கும். ஒவ்வொரு டாஸ்க்கும் இதுவரை எவ்வளவு மிச்சம் வைத்தது என்று கேட்கிற ஃபங்ஷனும் தயாராக இருக்கிறது.

கரண்ட் போகும் ஊர்

மலையில் மழைக்காலத்தில் மரம் விழாத வாரம் குறைவு. ராமில் இருக்கிற உலர்த்தும் நேரம், எந்தக் கட்டம் என்ற விவரம் எல்லாம் கரண்டோடு போய்விடும். ஈஈபிராமில் எழுதலாம் என்றால் ஒரு இடத்துக்கு உத்தரவாதம் 1,00,000 தடவை எழுதுவதற்குத்தான். நிமிடத்துக்கு ஒரு தடவை அதே இடத்தில் எழுதினால் 70 நாளில் அந்த எண்ணைத் தொட்டுவிடும். ஒரு சீசன்கூட முடியாது. இதற்கு டிஎஸ்1307 கடிகாரச் சிப் நல்ல வழி. பட்டன் பேட்டரியில் உயிரோடு இருக்கிற 56 பைட் ராம் அதற்குள் உண்டு, எத்தனை தடவை எழுதினாலும் தேயாது. நேரத்தில் அதைவிடத் துல்லியமான டிஎஸ்3231-ல் அந்த ராம் கிடையாது. காய் உலர்த்த நொடித் துல்லியம் எதற்கு? நான் பழைய 1307-ஐத்தான் போடுகிறேன்.

கரண்ட் முழுதாகப் போவதைவிட மோசம், பாதி இறங்குவது. காற்றை ஊதும் ப்ளோயர் மோட்டார் ஓடத் தொடங்கும்போது வோல்டேஜ் சரியும். 328பி சிப் 16 மெகாஹெர்ட்ஸில் ஒழுங்காக ஓட ஏறக்குறைய 3.8 வோல்ட் வேண்டும். ஊனோவில் ரீசெட் பண்ணும் எல்லை வழக்கமாக 2.7-ல் வைக்கப்பட்டிருக்கிறது. இடைப்பட்ட வோல்டேஜில் சிப் தப்பும் தவறுமாக ஓடி ராமில் எதையும் எழுதலாம். சிப்புக்குள் இருக்கிற ஃப்யூஸ் என்ற அமைப்பை மாற்றி எல்லையை 4.3 ஆக்கினால் அந்த இடைவெளி மூடிவிடும். இதைச் செய்யாமல் ஸ்டாக்கைத் தேடுவதில் அர்த்தமில்லை, அறிகுறி இரண்டுக்கும் ஒன்றுபோலவே இருக்கும்.

அதேபோல் டிஎஸ்18பி20 சூட்டுச் சென்சாருக்குள்ளும் ஒன்பது பைட் சின்ன நினைவகம் இருக்கிறது. கரண்ட் தடுக்கி வந்ததும் அது காட்டுவது 85 டிகிரி. சூடு ஏறிவிட்டது என்று நம்பிப் பெட்டி அடுப்பை அணைத்துவிடும். நொடிக்கு நொடி 48-லிருந்து 85-க்குத் தாவுகிற அறை உலகத்தில் கிடையாது. அப்படி வந்த அளவை ஒதுக்கிவிட்டு மறுபடி கேட்கச் சொல்லுங்கள்.

நான் எடுக்கிற முடிவு

சூட்டை மட்டும் பார்த்துக்கொள்ள நானோவும் 16க்கு 2 எல்சிடியும் தாராளம். எஸ்எம்எஸ்ஸும் பதிவும் சேர்ந்தால் மெகா. ஃபோனில் வரைபடம் வேண்டும், சென்னையில் இருக்கிற மகன் பார்க்க வேண்டும் என்று தோட்டக்காரர் கேட்டால், இஎஸ்பி32 ஒன்றிலேயே எல்லாவற்றையும் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு போர்டு போடுகிறேன். நானோ சூட்டைப் பார்க்கும்: இரண்டு சென்சார், ரிலே, பஸ்ஸர், 1307, எல்சிடி. அதில் மாலாக் இல்லை, ஸ்ட்ரிங் இல்லை, தன்னையே கூப்பிடுகிற ஃபங்ஷன் இல்லை. 2048-ல் 1500 பைட்டுக்கு மேல் ஸ்டாக்குக்கே மிஞ்சும். பத்து நொடிக்கு ஒரு தடவை 32 எழுத்துக்குள் ஒரு வரியைச் சீரியலில் அனுப்பும். இஎஸ்பி32 அதைக் கேட்டு வைஃபை, எஸ்டி, ஃபோன் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். அது விழுந்து எழுந்தாலும் அடுப்புக்குத் தெரியாது. நானோவின் 5 வோல்ட் சிக்னல் இஎஸ்பி32-ன் 3.3 வோல்ட் காலுக்கு (பின்) நேராகப் போகக் கூடாது, நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போதும். சூட்டு அளவை மாற்றுவது பெட்டியில் இருக்கிற குமிழில் மட்டும், ஃபோனிலிருந்து கிடையாது. சென்னையில் இருப்பவர் ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கத்தில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

செலவு கூடும்தான். ஒரு ஈடு (ஒரு தடவை உலர்த்துகிற) காய் வெளுத்துப்போவதோடு ஒப்பிட்டால் அது கணக்கிலேயே வராது.

எந்த போர்டு போட்டாலும் ஸ்டாக்கை அளக்காமல் பெட்டியை மூட வேண்டாம். மெயின் என்ற முதல் ஃபங்ஷன் தொடங்கும் முன்பே காலி ராம் முழுக்க 170 என்ற எண்ணை எழுதி நிரப்பிவிடுங்கள். ஓட விட்டபின் குளோபலின் முடிவிலிருந்து மேல்நோக்கி எண்ணினால் எத்தனை பைட்டில் 170 இன்னும் கலையாமல் இருக்கிறதோ, அதுவரை ஸ்டாக் இறங்கவில்லை என்று அர்த்தம். மேஜையில் ஓட்டிப் பார்த்தால் போதாது, ஒரு முழு ஈடு ஓட வேண்டும். பதிவு எழுதும் நொடியில் பட்டனை அமுக்க வேண்டும், சென்சார் வயரைப் பிடுங்கிப் பிழைச் செய்தி வரவழைக்க வேண்டும், செய்தி போகும்போது ப்ளோயரை ஆன் பண்ண வேண்டும். நிரல் சாதாரணமாகப் போகாத பாதைகளில்தான் ஸ்டாக் ஆழமாக இறங்கும்.

அந்த எண்ணை எல்சிடியில் ஒரு மறைவான பக்கத்தில் வைத்துவிடுவேன். மாதம் ஒரு தடவை ஸ்டோர் பார்க்கிறவருக்கு ஃபோன் போட்டு, "அண்ணே, பச்சை பட்டனை அஞ்சு செகண்ட் அமுக்கிட்டு வர்ற நம்பரைச் சொல்லுங்க" என்றால் ஆயிற்று. ஹீப் இல்லாத நானோவில் முதல் ஈட்டுக்குப் பிறகு அந்த எண் அநேகமாக அசையாது. குறைந்திருந்தால், இதுவரை ஓடாத ஏதோ ஒரு ஃபங்ஷன் அந்த மாதம் முதல்முறையாக ஓடியிருக்கிறது. எது என்று எஸ்டி கார்டின் பதிவைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.